அட்டையம்மாவும் அறிவிப்பாளரும்

அந்தத் தெருவில் அவளுக்கு அட்டையம்மா என்று பெயர். பிறந்தநாளோ கல்யாண நாளோ, யாருக்காவது வாழ்த்து அட்டை வேண்டுமென்றால் கடைக்குப் போவதற்கு முன் அவள் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய பட்டறை. கெட்டித் தாளை அளந்து வெட்டுவாள். மடிப்பு பிசிறில்லாமல் விழுவதற்காக மழுங்கிய கத்தியால் கோடு இழுப்பாள். ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றிப் பூவையோ பறவையையோ பதிப்பாள். அதே பூவை இன்னொரு தாளில் பதித்து, கத்தரித்து, இதழ்களைச் சற்றே சுருட்டி முதல் பூவின்மேல் ஒட்டுவாள். அட்டையைத் தடவினால் பூ விரலில் தட்டுப்படும்.

மேசையின் மறுபாதியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "அட்டைன்னா ஒட்டிக்கத்தானே செய்யும்? கல்யாணம் ஆன நாளா என்னை விட்டபாடில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தட்டில் ஜிகினா கிடந்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிடுவார்.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது வேலை. வீட்டுக்கு வந்தாலும் வாய் ஓயாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! துண்டை எடுக்காமல் குளிக்க வந்தவர் ஒருவர் உள்ளே காத்திருக்கிறார்" என்று குளியலறையிலிருந்து குரல் வரும். அட்டையம்மா கையில் இருக்கிற பசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவாள்.

ஒரு காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்பாகவே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் துவண்டிருந்தன. பேச்சும் போயிருந்தது.

முழுக்கப் போகவில்லை. ஒரே ஒரு வாசகம் மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் வேண்டுமென்று வாயைத் திறந்தால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பழைய கணீர்க் குரலில், பழைய ராகத்தில் வரும். அதோடு நின்றுவிடும். மேலே சொல்ல வேண்டியது வராமல் வாய் திறந்தபடி இருக்கும். கோபம் வந்தாலும் அதே வாசகம்தான். சொன்ன பிறகு தன் வாயைத் தானே நம்பமுடியாதவர் போல விழிப்பார்.

"நீங்க சொல்றதெல்லாம் அவருக்குப் புரியும்மா. சொல்ல வர்ற வார்த்தைதான் கிடைக்காது" என்றார் டாக்டர். "வாய்க்கு ரொம்பப் பழகினது மட்டும் சில பேருக்கு அப்படியே தங்கிடும்."

அட்டையம்மா அட்டை வேலையை நிறுத்தினாள். மேசையைத் துடைத்து, ஸ்டாம்புகளைப் பெட்டியில் போட்டு, அவர் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தினமும் போன் செய்தாள். "தனியா எப்படிம்மா சமாளிப்ப? ரெண்டு பேரும் என்கூட வந்துடுங்க." அட்டையம்மா எல்லாவற்றுக்கும் "பாக்கலாம்" என்றாள்.

கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிப் பெண் வந்துபோனாள். வலது கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வாள். அவருக்கு அந்தப் பந்தைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அதை இடது கையில் வாங்கி வீசி எறிந்தார். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அதைத் தேடித் தவழ்ந்து போன பெண், பந்தோடு ஸ்டாம்புப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இது என்னம்மா?"

"அது என் சாமான். அட்டை செய்றது."

அந்தப் பெண் ஒரு ஸ்டாம்பை எடுத்து மரப்பிடியை உருட்டிப் பார்த்தாள். "பிடிக்கணும், தூக்கணும், அழுத்தணும், விடணும். சார் கைக்கு இதவிட என்னம்மா வேணும்? பந்த விட்டுத்தள்ளுங்க."

அட்டையம்மாவுக்கு மனம் வரவில்லை. பூச்சியைப் பிடிப்பதுபோலப் பதமாகப் பிடித்துப் பழகிய ஸ்டாம்புகள் அவை. மை சட்டையில் பட்டால் போகாது. ஆனாலும் விளிம்பு தேய்ந்தவையாகப் பார்த்து நாலைந்தை எடுத்துக் கொடுத்தாள். பழைய செய்தித்தாளை விரித்தாள்.

முதலில் எதுவும் உருப்படியாக விழவில்லை. குடை பாதியாக விழுந்தது. காபிக் கோப்பைக்கு இரண்டு கைப்பிடி முளைத்தது. ஆனால் பந்தை எறிந்தவர் இதை எறியவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, செய்தித்தாளில் இருந்த பெரிய மனிதர்களின் முகத்திலெல்லாம் குடை பிடித்தார்.

சில நாள் கழித்து, அட்டையம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது செய்தித்தாள் ஒன்று அவள் முன்னால் நகர்ந்து வந்தது. நடுவில் ஒரு கோப்பை, கொஞ்சம் சாய்ந்தாற்போல். நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றார். சொல்லிவிட்டுக் கோப்பையின்மேல் விரலை வைத்தார்.

"காபியா? காபி வேணுமா உங்களுக்கு?"

அவர் தலை அவசரமாக ஆடியது. அட்டையம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள், பால் பொங்கி வழிகிறவரை முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அதன்பிறகு பெட்டி முழுதும் அவர் வசமாயிற்று. குடை என்றால் மழை வருகிறது, துணியை எடு. மீன் என்றால் குளிக்க வேண்டும். கடிகாரம் என்றால் மாத்திரை. படங்களைத்தான் எடுப்பார், எழுத்து உள்ளவற்றைத் தொடமாட்டார். ஒன்றைத் தவிர. அவரோடு வேலை பார்த்த டிக்கெட் கவுண்டர்காரர் பார்க்க வந்திருந்தார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல, "நல்லா ஆயிடுவீங்க! தைரியமா இருங்க!" என்று கத்தினார். பிறகு தன்னுடைய மூட்டுவலி, மேலதிகாரி, மச்சான் வீட்டுத் தகராறு என்று இறங்கினார். எழுந்திருக்கிற வழியாக இல்லை. இவர் பெட்டியைத் துழாவி, கையசைக்கிற உருவத்தோடு 'போய் வருக' என்று எழுதியிருக்கும் ஸ்டாம்பை எடுத்தார். மை ஒற்றி, வந்தவரின் புறங்கையிலேயே அழுத்தினார்.

"ஐயோ, என்னங்க இது!" என்று பதறினாள் அட்டையம்மா.

டிக்கெட் கவுண்டர்காரர் கையைத் திருப்பிப் பார்த்தார். "அட, மனுஷன் மாறவே இல்லம்மா!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்குப் போனவர் மறுவாரமே திரும்பி வந்தார். அப்போது கத்தாமல் பேசினார்.

பறவைதான் பெரிய பாடாயிற்று. ஒரு காலையில் பறவையைப் பதித்து நீட்டினார். அட்டையம்மா ஜன்னலைத் திறந்தாள். இல்லை என்று தலையாட்டினார். மாடிச்சுவரில் தானியம் தூவினாள். இல்லை. அடுத்த நாளும் பறவை. அதற்கடுத்த நாள் ஒரு தாள் முழுக்கப் பறவைகள்.

"அப்பாவுக்குப் பறந்து போயிடணும்னு இருக்கும்மா" என்று போனில் மகள் அழுதாள். "வெளிய கூட்டிட்டுப் போங்க, விடுதலை வேணும்னு கேக்கறார்" என்றாள் பிசியோ பெண். சக்கர நாற்காலியில் வைத்துத் தெருமுனைப் பூங்காவரை தள்ளிக்கொண்டு போனாள் அட்டையம்மா. திரும்பி வந்ததும் அவர் இன்னொரு பறவையைப் பதித்து, ஸ்டாம்பை மேசையில் ஓங்கி வைத்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

"எனக்குப் புரியலையே, நான் என்ன செய்வேன்!" என்று அவளும் கத்திவிட்டாள்.

மறுநாள் பிற்பகல், கூடத்தில் பிசியோ பெண் அவரை நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். அட்டையம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு நிமிஷம் சாயலாம் என்று அவருடைய கட்டிலில் போய்ப் படுத்தாள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் படுப்பது கூடத்தில்தான். கண்ணை மூடியதும் தலைக்கு மேலே சத்தம். கீச்... கீச்... கீச்... மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச்சு, யாரோ குருவியைக் கட்டிவைத்துக் கிள்ளுகிற மாதிரி.

விசுக்கென்று எழுந்து கூடத்துக்கு ஓடினாள். "ஃபேனா? ஃபேன் சத்தமா? அதுக்கா இத்தனை பறவை?"

அவர் பிசியோ பெண்ணின் தோளை விட்டுவிட்டு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடு போட்டார்.

எலெக்ட்ரீஷியன் வந்து எண்ணெய் விட்டுப் போனார். "விடுதலைன்னு சொன்னேனே நான்" என்று பிசியோ பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடியும் அட்டை வேலை தொடங்கியது அப்போதுதான். பெட்டி எப்படியும் மேசையில் இருக்கிறது, கேட்கிறவர்களை ஏன் திருப்பியனுப்ப வேண்டும் என்று ஒன்றிரண்டு ஒத்துக்கொண்டாள். அவரைக் குளிப்பாட்டி, சமைத்து, துவைத்து, மாத்திரை கொடுத்து, நடுவில் கிடைக்கிற நேரத்தில் வெட்டினாள், ஒட்டினாள். சின்ன ஸ்டாம்புகளை அவரே பதித்தார். இலைகள் கொஞ்சம் நெளியும். அவற்றை உள்பக்கத்துக்கு வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஓய்வு பெறுகிற ஆசிரியை ஒருவருக்கு அட்டை. அடுக்கடுக்காகத் தாள் ஒட்டி, மணி மணியாகப் பூ வைத்து முடித்தவள், நடுவில் 'குட்டிப் பாப்பாவுக்கு நல்வரவு' என்று பதித்துவிட்டாள். பார்த்தாள். அழிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. எதிரில் இருந்தவர் கையில் எடுத்த ஸ்டாம்பைப் பதிக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அந்த வார இறுதியில் மகள் வந்தாள். முடிவோடுதான் வந்திருந்தாள். அறை ஒழித்து வைத்தாயிற்று, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, எல்லாம் பேசியாயிற்று. "நீ ஒண்ணும் சொல்லாத. கிளம்பு, அவ்வளவுதான்."

"அப்பாவக் கேக்க வேணாமா?"

"அப்பா எப்படிம்மா..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

அவர் அன்று காலையிலிருந்தே மேசையை விட்டு எழவில்லை. அட்டையம்மா எட்டிப் பார்த்தால் கையால் மறைத்தார். கத்தரிக்கோல் கீழே விழுந்தது, பசை கவிழ்ந்தது, கூப்பிடவில்லை. மதியம், செய்து முடித்ததை மகளிடம் நீட்டினார். கோணலாக மடித்த அட்டை. வெளியே ஒன்றுமில்லை. உள்ளே இடப்பக்கத்தில் ஒரு ரயில், ரயிலுக்குப் பக்கத்தில் மணப்பெண். வலப்பக்கத்தில் ஒரு வீடு, வீட்டின் முன்னால் மாப்பிள்ளை, அவன் காலடியில் கோப்பை.

அட்டையம்மா முதலில் பார்த்தது வேலைப்பாட்டைத்தான். மணமக்கள் இரண்டு பேரும் ஒரே ரப்பரில் சேர்ந்து இருப்பவர்கள். ஒருவரை மட்டும் பதிக்க வேண்டுமானால், மற்றவர் விழுகிற இடத்தில் துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துவிட்டுப் பதிக்க வேண்டும். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து இத்தனை காலம் சாப்பிட்டதில் பார்த்திருக்கிறார். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படித்தான் செய்தாரோ!

பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

"என்னை மட்டும் அனுப்பறீங்களா?" அட்டையம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நான் உங்களுக்குப் பாரமாப் போயிட்டேனா?"

அவர் பதறிப்போய், இல்லை என்று தலையை ஆட்டினார். வாயைத் திறந்தார், அந்த ஒரே வாசகம் வந்தது. எரிச்சலோடு அதை விழுங்கிக்கொண்டு, விரலை நீட்டி அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்த இடத்தைத் தொட்டார். பிறகு தன் உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, கண்ணை மூடித் தூங்குகிறவர் போலக் காட்டினார். மறுபடி ரயிலைத் தொட்டார். மறுபடி அவளைத் தொட்டார்.

மகள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் உன்னைப் பாக்கவே இல்லம்மா" என்றாள் மகள். "வந்ததிலேருந்து அப்பா கை, அப்பா கால்னே பாத்துட்டிருக்கேன்."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"சித்தி வீட்டுக்குப் போ. எத்தனை நாளாக் கூப்பிடறாங்க. நான் லீவு சொல்லிட்டு அப்பாகூட இருக்கேன்."

"உனக்குக் காபியே ஒழுங்காப் போடத் தெரியாதே!"

"அத நானும் அப்பாவும் பாத்துக்கறோம். நீ கிளம்பு, அவ்வளவுதான்."

அட்டையம்மா கிளம்பினாள். வாசல்படி இறங்கிய பிறகும் மாத்திரை வேளையைச் சொன்னாள். ரயில் ஏறியதும் போன் செய்து மீன் என்றால் குளியல் என்று ஞாபகப்படுத்தினாள். தங்கை வீட்டில் கால் கழுவிவிட்டுப் படுத்தவள்தான். தங்கை இரண்டு தடவை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனாளாம். விழித்ததும் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் மறுபடி தூங்கினாள். தூக்கம் தீர்ந்த பிறகு இரண்டு பேரும் கடற்கரையில் உட்கார்ந்து, ஊரில் உள்ள எல்லாருடைய தலையையும் உருட்டினார்கள். அட்டையம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது மகள் வாசலுக்கே ஓடி வந்தாள். "அம்மா, அப்பா ஒரு வார்த்தை பேசிட்டார்! புது வார்த்தை!"

அட்டையம்மாவின் கையிலிருந்த பை நழுவியது. "என்ன சொன்னார்? என்னைக் கேட்டாரா?"

"உப்பு."

"என்னது?"

"உப்புன்னார். நேத்து நான் சமைச்சதை ஒரு வாய் வெச்சார், உப்புன்னார். இன்னைக்குக் காலையிலயும் சொன்னார்."

அவர் மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். முகம் மழித்துப் பளிச்சென்று இருந்தது, ஒரு கன்னத்தில் மட்டும் பச்சை மை. மனைவியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு" என்றார் அவர், சிரமப்பட்டு, ஆனால் தெளிவாக.

"ஜாஸ்தியா, கம்மியா?"

"அதத்தான் ரெண்டு நாளாக் கேட்டுட்டிருக்கேன்" என்றாள் மகள். "மாசாமாசம் நான் வர்றேன், நீ சித்தி வீட்டுக்குப் போ. அதுக்குள்ள அடுத்த வார்த்தையக் கத்துக்கட்டும். அப்பத் தெரிஞ்சுடும்."

அட்டையம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. "எனக்கும் ஒரு தட்டு வை" என்றாள். "சாப்பிட்டுப் பாத்துச் சொல்றேன்."