வரப்புக்கு அந்தாண்ட

என் வீட்டுக்காரர் வைத்திலிங்கத்தை நடக்க வைக்கும்படி டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று டாக்டருக்கே தெரிந்துவிட்டது போலும். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியதிலிருந்து மனிதர் முத்தியால்பேட்டை வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். டிவியைக்கூடப் போட மாட்டார். "இப்படியே உட்காந்திருந்தா திரும்ப இங்கதான் கொண்டாருவீங்கம்மா" என்றார் டாக்டர்.

இத்தனைக்கும் இவர் கால் ஓரிடத்தில் நின்றதே இல்லை. மில்லில் வேலை பார்த்தபோது கொடுத்த லீவெல்லாம் ரயிலில்தான் கழிந்தது. காசி, டார்ஜிலிங், குஜராத்து உப்புப் பாலைவனம், அந்தமான் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். போன இடத்திலாவது அந்த இடத்தைப் பார்த்தாரா? இல்லை. டார்ஜிலிங் குளிரில் பல்லெல்லாம் அடித்துக்கொள்ள நான் நின்றால், "சின்ன வயசுல வேம்பனூர்ல வரப்பத் தாண்டுவேன் பாரு, அந்தக் குஷி வருதுடி" என்பார். தலையில் அடித்துக்கொள்வேன்.

வேம்பனூர் அவருடைய அத்தை ஊர். மடுகரைக்கு அந்தப் பக்கம். எங்கள் புதுச்சேரி ஒரே துண்டாகவா இருக்கிறது? போகிற வழியிலேயே தமிழ்நாடு வரும், திரும்பப் புதுச்சேரி வரும், மறுபடி தமிழ்நாடு வரும். வேம்பனூரில் வயலுக்கு நடுவே ஒரு வரப்புதான் எல்லையாம். பள்ளிக்கூட லீவில் அத்தை வீட்டுக்குப் போன பையன் அந்த வரப்பைத் தாண்டிக் குதித்து, வேறு ராஜ்ஜியத்துக்குப் போய்விட்டு வந்ததாக நாள் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தானாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஊர் உலகமெல்லாம் காட்டியவர் அந்த வேம்பனூருக்கு மட்டும் என்னை அழைத்துப் போனதேயில்லை. கேட்டால், "அது எங்க ஓடிடப் போவுது, பஸ் ஏறினா வந்துடும்" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் தெரு ஆட்டோக்காரர் தேவதாஸை வரச் சொன்னேன்.

"எங்க?" என்றார் இவர்.

"வேம்பனூரு. சட்டய மாட்டுங்க."

"அங்க என்னா இருக்குது இப்ப."

"எனக்கென்னா தெரியும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்கதான கத சொல்றீங்க."

வில்லியனூர் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். தாண்டிய பிறகும்தான். தேவதாஸ் பாவம், பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டார்.

ஊர்க்கோடியில் ஆட்டோ நின்றது. ரோட்டோரம் ஒரு பிராந்திக் கடை, அதன் பின்னால் அறுத்துப்போட்ட வயல், வயலுக்கு நடுவே ஒரு வரப்பு.

"எறங்குங்க" என்றேன்.

"நீ பாத்துட்டு வா."

"உங்க அத்த ஊருங்க இது."

"அதான் சொல்றேன்ல, நீ போய்ப் பாரு. என்னால முடியல."

முடியல என்று அவர் சொன்ன விதம் இருக்கிறதே, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனிமேல் இவர் எழுந்திருக்கவே மாட்டாரோ என்று அழுகை முட்டியது. அழுதாலும் அசைய மாட்டார் என்று தெரியும். அதனால் கோபமாகவே இறங்கினேன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். குதித்தேன் என்ன, சறுக்கினேன். முழுக்கச் சேறு. "இதோ பாருங்க, தமிழ்நாட்டுல நிக்கிறேன். இதுக்கா இத்தன வருஷம் இந்த ஆர்ப்பாட்டம் பண்ணீங்க" என்று கத்தினேன். புதுச்சேரியில் சரக்கு விலை குறைவு, அதனால் எல்லையை ஒட்டித்தான் கடை வைப்பார்கள்; பிராந்திக் கடை இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம் தமிழ்நாடுதானே. எல்லை தெரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு அடையாளம் எதற்கு?

ஆட்டோவிலிருந்து தலை வெளியே வந்தது.

"அது தமிழ்நாடு இல்லடி."

"பின்ன?"

"அதுவும் நம்மளுதுதான்."

"கட அங்க இருக்குது, நான் இங்க இருக்கேன். தமிழ்நாடுதான்."

"கடய வச்சா சொல்லுவ? கட நேத்து வந்தது. எல்ல இந்த வரப்பு இல்ல, அந்தப் பனமரத்தண்ட இருக்கற வரப்பு."

"நான் பாக்கறதத்தான் சொல்லுவேன். தெருவுல எல்லார்கிட்டயும் போயிச் சொல்லத்தான் போறேன், அவரு ஊருல ஒரு எட்டு வச்சா தமிழ்நாட்ட மிதிச்சுடலாம்னு."

"சொன்னா கேக்கமாட்டியா நீ."

ஆட்டோ ஆடியது. ஒரு கால் கீழே வந்தது, அப்புறம் இன்னொன்று. தேவதாஸ் கை கொடுக்கப் போனார். இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, வரப்பைப் பிடித்து ஏறி, என்னிடம் வந்து மூச்சு வாங்க நின்றார். "வா, காட்டுறேன்" என்று முன்னால் நடந்தார். பனைமரமும் அதனடியில் இன்னொரு வரப்பும் வந்தன. தாண்டினார்.

"இப்ப நிக்கிற பாரு, இதான் தமிழ்நாடு."

"சரி, தெரிஞ்சுது. திரும்புங்க."

"அந்த மேட்டுக்கு அந்தாண்ட திரும்ப நம்மளுது வரும். அதயும் பாத்துட்டுப் போயிடலாம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரை வீட்டில் இருக்கிறது, தண்ணீர் பாட்டில் ஆட்டோவில் இருக்கிறது. நடக்கச் சொன்னால் ஒரே நாளில் ஊரையே அளக்கச் சொன்னதாக அர்த்தமா? எதிலுமே அளவு தெரியாத மனிதர். என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"நில்லுங்க. சொல்றது காதுல விழுதா இல்லயா" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் ஆட்டி, வா வா என்றார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நின்றுவிடக் கூடாது சாமி என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே, நில்லுங்க நில்லுங்க என்று கத்திக்கொண்டு போனேன்.