பார்ப்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவே

அலுவலகத்தில் அவனை எல்லோரும் தம்பி என்றே கூப்பிட்டார்கள். அவனைவிடச் சின்னவளான வரவேற்பறைப் பெண்கூட "தம்பி, உங்களுக்கு ஃபோன்" என்பாள். எல்லாம் அக்காவால் வந்தது. கூடப் பிறந்தவள், அதே நிறுவனம், பக்கத்து நாற்காலி. அவன் சேர்ந்த அன்று நாலு பேர் முன்னால் அவள் வாய் தவறித் "தம்பி" என்றாள், அது ஒட்டிக்கொண்டது.

அவர்கள் செய்வது மருத்துவமனைக் கட்டிலருகே வைக்கும் மானிட்டர். நோயாளியின் இதயத்துடிப்பு அதில் அலையாக ஓடும். சில வார்டுகளில் அந்தத் திரை திடீரென்று இருண்டு, சற்றுப் பொறுத்துத் தானாக எழுந்துகொண்டிருந்தது. இருண்டிருக்கும் நேரத்தில் இதயம் நின்றாலும் நர்ஸுக்குத் தெரியாது. கோளாறு இருந்தது கர்னலில், அதாவது மற்ற எல்லா நிரல்களையும் தாங்கும் அடித்தளத்தில். அது விழுந்தால் மொத்தமும் விழும்.

அக்கா மாதக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தாள். எங்கே விழுகிறது என்று கண்காணிக்க நிரலில் ஒரு வரி சேர்த்தால் விழாது. வரியை எடுத்தால் விழும். "பார்த்துட்டே இருந்தா சாது. திரும்பினா கிள்ளுது" என்பாள். கடைசியில் பிடிபட்டது. சென்சார் கேபிளைப் பிடுங்கும்போது ஒரு பிராசஸர் அந்தச் சென்சாருக்கான நினைவக இடத்தைக் காலி செய்கிறது. அது தெரியாமல் இன்னொரு பிராசஸர் அங்கேயே படிக்கப் போகிறது. இடத்தை இன்னும் யாராவது பிடித்திருக்கிறார்களா என்று எண்ணிக்கையை முதலில் பார்க்கும்படியும், பூஜ்யம் என்றால் திரும்பிவிடும்படியும், இல்லையென்றால் ஒன்று கூட்டித் தானும் பிடித்துக்கொள்ளும்படியும் அவள் சில வரிகள் எழுதினாள். அலமாரியில் நின்ற சோதனை மானிட்டர்கள் அதன்பின் விழவில்லை.

எழுதியவர் தவிர இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் எதுவும் வெளியே போகாது. கர்னல் தெரிந்த இன்னொருவன் தம்பிதான். அன்று சாயங்காலமே திருத்தத்தை மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டும்.

"பத்து வரிக்கு ஏன்டா பரீட்சை எழுதுற மாதிரி உட்கார்ந்திருக்க?"

"சரியாத்தான் இருக்கு போலக்கா."

"போலன்னா?"

"என்னமோ உறுத்துது. சொல்லத் தெரியல."

"உறுத்தறதுக்கெல்லாம் ரிவ்யூல இடமில்ல. ஒண்ணு காரணம் சொல்லு, இல்ல ஒப்புதல் போடு."

அவள் சொன்னதில் தப்பில்லை. தனக்குத்தான் புரியவில்லையோ என்று அவனுக்குத் தோன்றியது. எதைப் படித்தாலும் முதலில் அப்படித்தான் தோன்றும். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான். பிறகு டீ போட்டுக் குடிக்கப் போனான்.

டீ அறைக்கு இரண்டு வாசல். கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைக்க வேண்டும். குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. வெளியே வந்து சுவிட்சைத் தட்டினான்.

"டேய், உள்ள ஆள் இருக்கேன்" என்று இருட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. மற்ற வாசல் வழியாக வந்திருந்தாள்.

"பார்த்துட்டுத்தான்க்கா அணைச்சேன்."

"நீ பார்த்தப்போ இல்ல. அணைச்சப்போ இருந்தே..."

முடிக்காமல் நிறுத்தினாள். அவன் விளக்கைப் போட்டான். காலிக் கோப்பையைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணிக்கையைப் பார்க்கிறோம்" என்றான் மெல்ல. "அப்புறம்தான் பிடிக்கிறோம்."

"நடுவுல..." என்றாள் அவள். "ஆனா அது எவ்வளவு நேரம்டா? நினைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அதைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமாக்கா?"

அவளுடைய இரண்டு வரிகளுக்கு நடுவே வேண்டுமென்றே ஒரு தாமதத்தைச் செருகினான். அலமாரி மானிட்டர்களில் ஏற்றினார்கள். நோயாளிக்குப் பதிலாக ஒரு சிறு பெட்டி துடிப்பை அனுப்ப, அலைகள் ஓடின. அக்கா முதல் கேபிளைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அடுத்ததும் இருண்டது. வரிசையாக எல்லாம் இருண்டன.

கோளாறு போகவே இல்லை. மயிரிழையாகச் சுருங்கிக் காத்திருந்தது. எங்கோ ஒரு வார்டில், ஒரு நர்ஸ் கேபிளை உருவும்போது, அந்த மயிரிழைக்குள் மானிட்டர் விழ.

"ஒப்புதல் போடுன்னு சொன்னேனே உன்னை" என்றாள் அக்கா.

இதற்கு மருந்து அவளுக்குத் தெரிந்ததுதான். பூஜ்யம் இல்லை என்றால் மட்டும் ஒன்று கூட்டு என்று பிராசஸருக்கே ஒரு கட்டளை உண்டு. பார்ப்பதும் பிடிப்பதும் அதில் ஒரே செயல்.

"அது ரெண்டையும் வேகமா செய்யுதுன்னு இவ்வளவு நாள் நினைச்சிட்டிருந்தேன்" என்றான் தம்பி.

"வேகம் இல்லடா. மத்தவங்களுக்கு அதுல நடுவுன்னு ஒண்ணே கிடையாது."

மணலை உருக்கிச் சில்லாக்கி, அதைக் கோடிக்கணக்கில் எண்ணவைத்ததுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இன்னொருவர் நுழையவே முடியாத ஒரு கணத்தை யாரோ மனிதர்கள் யோசித்து அதற்குள் வைத்திருக்கிறார்கள்.

மேலாளர் கதவருகே வந்து, "தம்பி, அனுப்பலாமா?" என்றார்.

"இன்னிக்கு முடியாது சார்" என்றாள் அக்கா. "என் ஃபிக்ஸ் தப்பு."

வரிகளை மாற்றினாள். தாமதத்தை எடுக்கவில்லை, இடத்தைப் பிடித்த பிறகு எவ்வளவு தாமதித்தாலும் அது காலியாகக் கூடாது. கேபிளைப் பிடுங்கினாள். அந்த அலை மட்டும் நின்று, 'சென்சார் இல்லை' என்று திரை ஒழுங்காகச் சொன்னது. இருளவில்லை. செருகினாள், அலை ஓடியது. பிடுங்கினாள், செருகினாள்.

"நீயும் பிடுங்கிப் பாருடா" என்று கேபிளை நீட்டினாள். "நான் செஞ்சதை நானே நம்பினா போதாது."

அவன் வாங்கிக்கொண்டு கடைசி மானிட்டரிலிருந்து தொடங்கினான்.