நொடி முள் இல்லாத கைக்கடிகாரம்

வெண்ணந்தூரில் டாக்டர் அன்பரசுவுக்குக் கைராசிக்காரர் என்று பெயர். யார் வந்தாலும் முதலில் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடித்துடிப்பை எண்ணுவார். விரலில் மாட்டினால் துடிப்பைக் காட்டும் கருவி மேசையிலேயே கிடந்தாலும் அதில் அவருக்குத் திருப்தி வராது. அவர் கையைப் பிடித்தாலே பாதி நோய் போய்விடும் என்று தறிக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் கையில் போன வாரம் ஒரு புதுக் கடிகாரம் ஏறியது. சுவிட்சர்லாந்துச் சரக்கு. மணி முள் கிடையாது. சின்ன ஜன்னல் ஒன்றில் மணி எண்ணாகத் தெரியும். நிமிட முள் அரைவட்டம் நகர்ந்து கடைசிக் கோட்டைத் தொட்டதும், வெடுக்கென்று தொடக்கத்துக்கே துள்ளி ஓடும். அப்போதே ஜன்னலில் எண் மாறும். பேட்டரி இல்லை, எல்லாம் பல்சக்கர வேலை. சேலத்து ஸ்கேன் சென்டர் முதலாளி மாதேஷ் கொடுத்த அன்பளிப்பு. சும்மா தூக்கிக் கொடுக்க அவர் என்ன மாமனா, மச்சானா? தலைவலி என்று வந்தவர்களையெல்லாம் ஸ்கேனுக்கு அனுப்பியதற்கு அவர் காட்டிய நன்றி அது.

கட்டிய நாளிலிருந்து அன்பரசுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த முள் துள்ளுவதைப் பார்க்கவும் வேண்டும். பார்ப்பதை யாரும் பார்த்துவிடவும் கூடாது. சட்டைக் கையை இழுத்து மூடுவார், மறு நிமிடமே ஏற்றிவிடுவார். "புதுசுங்களா?" என்று மனைவி கயல்விழி கேட்டதற்கே எரிந்து விழுந்தார்.

அன்று காலை, தறிக்குப் போகும் தமிழ்ச்செல்வி வந்தாள்.

"தறிகிட்ட நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க. நேத்து உழுந்தே போயிட்டனுங்க."

சொல்லிக்கொண்டே வழக்கம்போலக் கையை நீட்டினாள். அன்பரசுவும் பிடித்தார். ஆனால் ஒரு வாரமாக அது வெறும் பாவனைதான். அந்தக் கடிகாரத்தில் நொடி முள்ளே கிடையாது, எதை வைத்து எண்ணுவது? கருவியை எடுக்கவோ கௌரவம் விடவில்லை. அந்த நேரம் பார்த்து நிமிட முள் கடைசிக் கோட்டை நெருங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் துள்ளியது. அவள் கையை விட்டுவிட்டார்.

"தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துரும்மா. இன்னைக்கே சேலம் போயிரு."

"கூலி வந்தொடன அடுத்த வாரம் எடுக்கட்டுங்களா சாமி?"

"உசுரு முக்கியமா, கூலி முக்கியமா?"

அவள் பயந்துபோனாள். "அப்பக் காதுத் தோட்ட அடகு வெச்சுப்போட்டுப் போறனுங்க" என்று எழுந்தாள்.

இன்னும் சிலரைப் பார்த்து முடித்ததும் நர்ஸ் அனிதா கேட்டாள்: "ஏனுங்க டாக்டர், அந்தத் தறிக்கார அக்காவுக்குப் பல்ஸ் எவ்வளவுங்க? நீங்க சொல்லவேயில்லீங்களே."

அன்பரசு தன் விரல்களைப் பார்த்தார். அவர் எண்ணவில்லை, ஆனால் விரலுக்கு நினைவிருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அத்தனை இடைவெளி! உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. காத்திருந்தவர்கள் திகைத்துப் பார்க்க, பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்.

நல்ல வேளை, சேலம் பஸ் இன்னும் வரவில்லை. காதில் தோடு இல்லாமல், முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தாள் தமிழ்ச்செல்வி. அவள் கையைப் பிடித்து, எதிர் டீக்கடைச் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்கு எழுபது இருக்க வேண்டியது, நாற்பதைக்கூடத் தொடவில்லை. கோளாறு தலையில் இல்லை, இதயத்தில். ஸ்கேன் வரிசையில் உட்கார்ந்திருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும்.

தன் காரை எடுத்துவந்து, அவளைத் தானே சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவள் ஒன்றையேதான் கேட்டாள். "அப்ப ஸ்கேன் வேண்டாங்களா சாமி?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே காரை விரட்டினார். அங்கே உடனே அவளுக்கு இதயத்தைத் துடிக்க வைக்கும் கருவி பொருத்தி, ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அங்கிருந்து நேராக மாதேஷிடம் போய்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏனுங்க டாக்டர், புடிக்கலீங்களா? வேற மாடல் பாக்கட்டுங்களா?"

"அதுல ஒரு கொறையுமில்லீங்க, கொறையெல்லாம் எங்கிட்டத்தான். ஒரு தறிக்காரப் பொம்பள தோட்டக் கழட்டுனாத்தான் எங்கையில இது ஏறுதுங்க. உங்ககிட்டக் கைய நீட்டி வாங்குனதுல, என்னைய நம்பிக் கைய நீட்டுனவளக் கவனிக்காம உட்டுப்போட்டனுங்க. டாக்டர் கமிஷன் வாங்குனா, அதுக்கு உசுரக் குடுக்கறது நோயாளிங்கதான். இனிமே எந்தக் கம்பெனிக்காரர் எதக் குடுத்தாலும் இந்தக் கை நீளாதுங்க."