பம்பை முகர்ந்து பார்த்தவர்கள்

அண்ணிக்கு எண்ணெய் என்றாலே ஆகாது. தாளிக்கிற நல்லெண்ணெயைச் சொல்லவில்லை. உணவகங்களில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, தரைக்கடியில் ஒரு சிமெண்டுக் குழி இருக்கும். தின்றவர்கள் மிச்சம் வைத்த கொழுப்பெல்லாம் வழிந்து வந்து அதில் ஆடை கட்டி நிற்கும். அந்தச் சனியனைச் சொல்கிறேன். மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு படலம், அதற்குக் கீழே சாம்பல் நிறக் கஞ்சி, அதில் ஊறிப்போன எலும்பு, கரப்பான், ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவானின் பல்செட். இதை அள்ளுவதுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. குனிந்து குனிந்து அண்ணியின் புருஷனுக்கு இடுப்பு போய்விட்டது. இப்போது அண்ணியும் கொழுந்தனும்தான் அள்ளுகிறார்கள்.

வேலை முடிந்து வந்தால் அண்ணி தோல் உரிகிற மாதிரி தேய்த்துக் குளிப்பாள். தலையை அலசுவாள், மறுபடி அலசுவாள். வீட்டில் எதையும் முகர்ந்து பார்த்துதான் அலமாரியில் வைப்பாள். "என் மூக்கை ஏமாத்த முடியாது" என்பது அவளுடைய பெருமை. அந்தக் குழியை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். சாப்பாட்டுத் தட்டில் கொஞ்சம் எண்ணெய் மிதந்தால் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் பல் ஆஸ்பத்திரி வேலை கண்ணில் பட்டது. நான்கு மாடி, தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. மாதாமாதம் கழுவ ஆள் வேண்டும். முதலில் ஒருநாள் கழுவிக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வருஷம் முழுக்க வேலை. ஏணி வேண்டாம், தொங்க வேண்டாம். வேனில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு, நீளமான கம்பு, கம்பின் நுனியில் பிரஷ். கீழே நின்றபடியே தேய்க்கலாம். தண்ணீர் மட்டும் உப்பு கிப்பு எதுவும் இல்லாமல் வடிகட்டியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் துடைக்காமலே புள்ளி விழாமல் காயும். கேட்கும்போதே அண்ணிக்கு வாய் ஊறியது. இது மட்டும் கிடைத்துவிட்டால் எண்ணெய்க் குழிக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடலாம்.

கம்பும் தொட்டியும் வாங்கியாகிவிட்டது. பம்புக்காகக் கடைக்குப் போனார்கள். கொழுந்தனின் கண் நேராக மூலையில் இருந்த பூதத்தின் மேல் போய் விழுந்தது. ஊரே தீப்பற்றினாலும் அணைக்கிற சைஸில் இருந்தது அது.

"அது எதுக்கு தம்பி?" என்றார் கடைக்காரர். "தேய்க்கறது பிரஷ்ஷோட வேலை. தண்ணி சும்மா வழிஞ்சா போதும். இதைப் போட்டா ரெண்டாவது மாடி முடியறதுக்குள்ள தொட்டி காலி. ஆனா நாலு மாடி ஏறணும், அதுக்கு அழுத்தம் வேணும். தண்ணி கம்மி, அழுத்தம் ஜாஸ்தி, அப்படிப் பாருங்க." பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பம்பை எடுத்து வைத்தார். கையளவுதான் இருந்தது.

கொழுந்தன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. அண்ணியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணி, இதே பம்பு நம்மகிட்டயே இருக்கு. அதே கம்பெனி, அதே நம்பர்."

"எது?"

"குழியில கஞ்சித் தண்ணிய இழுப்போமே, அது."

"சீ! வாயைக் கழுவு. அந்தக் கருமத்த நான் கண்ணாடியில பீச்சணுமா?"

"பம்புக்கு என்ன தெரியும் அண்ணி, தான் எதை இழுக்கறோம்னு? வெந்நீர்ல ஊறப்போட்டா எல்லாம் போயிடும்."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜாதி இந்தக் கொழுந்தன். கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். சொன்னபடி செய்யவும் செய்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பம்பைப் பிரித்தான், உள்ளே இருந்த ரப்பரை மாற்றினான், மற்றதைச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்தான், பழைய பல் பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்த்தான். பிறகு பூட்டிக் கொண்டுவந்து அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ஒண்ணுமில்லையே. சோப்பு வாசனைதான்" என்றான் அண்ணன்.

அண்ணி வாங்கி, தண்ணீர் போகிற ஓட்டையில் மூக்கை வைத்து இழுத்தாள். வருகிற ஓட்டையிலும் இழுத்தாள். குழாயின் நுனியையும் விடவில்லை. சோப்பு, ரப்பர், வேறொன்றும் இல்லை.

"சரி, மாட்டு" என்றாள். பின்னால் கொழுந்தன்மேல் பழி போட முடியாமல் போனது இந்த ஒரு வார்த்தையால்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் பம்பு கமுக்கமாக உறுமியது. தண்ணீர் கம்பு வழியே ஏறி நாலாவது மாடியில் பிரஷ்ஷிலிருந்து வழிந்தது. அண்ணி தலையை அண்ணாந்து தேய்த்தாள். மேலே வெளிச்சம், கையில் வெறும் தண்ணீர். ஒரு வேலை இவ்வளவு சுத்தமாகக்கூட இருக்குமா என்று தோன்றியது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கொழுந்தன் பயந்துபோனான்.

கண்ணாடி காயத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. கீழ் வரிசையில் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மின்னியது. அண்ணி விரலை வைத்தாள். வழுக்கியது. அழுத்தத்தோடு ஓடுகிற தண்ணீருக்கு அகோரப் பசி. போகிற வழியில் இருப்பதையெல்லாம் சுரண்டி இழுத்துக்கொண்டுதான் போகும். பழைய பம்பின் மூலை முடுக்கில் வெந்நீருக்கு அசையாமல் உட்கார்ந்திருந்ததை அது கூட்டிக்கொண்டு வந்து நாலு மாடிக்கும் பூசிவிட்டது.

மேலாளர் அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வெளியே வந்தார்.

"இங்க எங்கயாவது எலி செத்துக் கிடக்குதா?"

அண்ணி நிஜமாகவே தேடினாள். கொழுந்தன் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தான். மேலாளர் பிரஷ்ஷின் பக்கம் வந்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

"இதுலதான்! ஊசிப்போன எண்ணெய் நாத்தம். உங்களுக்கு அடிக்கலயா?"

அண்ணி பிரஷ்ஷை மூக்கருகே கொண்டுபோனாள். ஈர நைலான். அவ்வளவுதான். இன்னும் ஆழமாக இழுத்தாள். எதுவும் வரவில்லை. மேலாளருக்கு அடிக்கிறது, தன் மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

"புதுப் பம்பு மேடம், ரப்பர் வாசனை அப்படித்தான் இருக்கும்" என்றான் கொழுந்தன், கூசாமல்.

அண்ணிக்கு அவனை அறையலாம்போல் இருந்தது. அறைந்து என்ன? தங்கச்சி வீட்டுக்குப் போனால் அவள் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பது நினைவுக்கு வந்தது. "காத்து வரட்டும்க்கா" என்பாள், வெளியே மழை கொட்டும்போதும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எப்போதும் அடுத்த நிறுத்தத்தில் எழுந்துகொள்வார்கள். பாவம், இறங்க வேண்டியிருக்கும் என்று இவளும் காலை ஒதுக்கி வழிவிடுவாள். குழியில் ஊறிச் செத்துப்போன மூன்று மூக்குகள் வட்டமாக உட்கார்ந்து, குழியில் ஊறிய பம்புக்கு நற்சான்று கொடுத்திருக்கின்றன. தூ!

"அவன் பொய் சொல்றான் மேடம்" என்றாள் அண்ணி. "எண்ணெய்க் குழியில ஓடின பம்பு அது. நான்தான் சரின்னு சொன்னேன். நாளைக்குப் பம்பு, குழாய், பிரஷ் எல்லாம் புதுசா கொண்டுவந்து இந்தப் படலத்தையும் சேர்த்துக் கழுவித் தரேன். ஒரே ஒரு தடவை."

மேலாளர் கைக்குட்டையை எடுக்காமலே தலையசைத்தார்.

அன்றைக்கே கடைக்குப் போனாள். கடைக்காரர் முதலில் காட்டிய அதே சின்னப் பம்பை, புதுக் குழாய், பிரஷ்ஷோடு சேர்த்து வாங்கினாள். பெட்டியைத் தொடக்கூடக் கொழுந்தனை விடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தாள். மறுநாள் விடிந்ததும் இன்னொரு முறை குளித்து, பெட்டியிலிருந்து எடுத்த புது உடுப்பைப் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் மேலாளரின் முன்னால்தான் பம்புப் பெட்டியைப் பிரித்தாள்.

"எங்க மூக்கு செத்துப்போச்சு மேடம். நீங்க மோந்து பார்த்துச் சொன்னாத்தான் மாட்டுவேன்."

இப்படி ஒரு வேலை தனக்கு வருமென்று அந்த அம்மா எதிர்பார்த்திருக்க மாட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தார். பம்பை முகர்ந்தார், குழாயை முகர்ந்தார், பிரஷ்ஷை முகர்ந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நிமிர்ந்தவர், இரண்டடி பின்னால் போனார். "ஆனா அந்த நாத்தம் இன்னும் போகல. அது உங்க மேல அடிக்குது."

கொழுந்தன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான்.

"பரவாயில்ல, விடுங்க" என்றார் மேலாளர், பெரிய மனசோடு. "நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே நிக்கப்போறீங்க. சுத்தமா வந்தா வருஷம் பூரா நீங்களே செய்யுங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணி, கிடைச்சிடுச்சு!" என்று குதித்தான் கொழுந்தன்.

அண்ணி பம்பை மாட்டினாள், ஓடவிட்டாள். குழாயைக் கம்பில் செருகவில்லை. நுனியைத் தூக்கித் தன் உச்சந்தலையில் பிடித்தாள். தண்ணீர் தலையில் இறங்கி, கழுத்தில் இறங்கி, புது உடுப்பெல்லாம் நனைந்து ஒட்டியது. கைகளைத் தேய்த்தாள், நகக்கண்களைத் தேய்த்தாள், காதுக்குப் பின்னால் தேய்த்தாள்.

"அண்ணி, தண்ணி தீர்ந்துடும்! வடிகட்ட ராத்திரி பூரா ஆச்சு!"

"தீரட்டும்."

தொட்டி பாதியானபோது கையை அவன் முன்னால் நீட்டினாள். அவன் குனிந்து முகர்ந்தான்.

"ஒண்ணுமே இல்ல அண்ணி. சத்தியமா."

"உன் மூக்கு சொல்லி என்னடா ஆகப்போகுது? உள்ள போய் யாரையாவது கூட்டிட்டு வா" என்றாள் அண்ணி.