அபூ நாசிஃபின் மௌனம்

பெய்ரூட்டில் எங்கள் ராக் குழுவை வெகுகாலம் ஒருவரும் சீண்டவில்லை. கடைசியில் பெயர் வாங்கித் தந்தது, ஒரு பாட்டின் நடுவே வரும் மௌனம். பதிவின்போது கரண்ட் போய், பேட்டரியில் இருந்த பதிவுக் கருவி மட்டும் ஓட, தெருவுக்கே பொதுவான ஜெனரேட்டரைப் போடும்வரை விழுந்த இடைவெளி அது. சோம்பலில் அப்படியே விட்டுவிட்டோம். விமர்சகர்கள் மேதைமை என்றார்கள். எரிச்சலாக வந்தது. எங்கள் பேட்டை ஜனம் மட்டும் அந்த இடத்தில் ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டுக் கத்தும்: "அபூ நாசிஃப், ஜெனரேட்டரைப் போடுய்யா."

முதல் பெரிய கச்சேரிக்கு அவரையே முன்வரிசையில் உட்காரவைத்தோம். மௌனம் வந்தது. அரங்கமே கத்தியது.

"வந்துட்டேன், உசுர வாங்காதீங்கடா," என்று பின்பக்கம் ஓடியவர், பழக்கத்தில் மெயின் சுவிட்சைத் தட்டி, இருந்த கரண்டையும் போக்கினார்.

இருட்டில் பாடகி ரோலா என் காதைக் கடித்தாள்: "இவர கூப்பிடலாம்னு சொன்னது நீதானே, தடியா."

கைதட்டல் அடங்கவேயில்லை. அதையும் மேதைமை என்றுதான் எழுதினார்கள்.