தூக்க வந்தவன்

பேக்கரியில் எல்லாரும் அவனை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவன் ஸ்டியரிங்கைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ஒருநாள் குடித்துவிட்டு வேன் ஓட்டியபோது, சாலையோரம் ஏணியைச் சுமந்துகொண்டு போன ஒரு பெயிண்டரை இடித்துத் தள்ளிவிட்டான். அதற்காகச் சிறைக்குப் போனான். ரொட்டி சுடக் கற்றுக்கொண்டது அங்கேதான். வெளியே வந்ததும் பேக்கரி முதலாளி விஷயம் தெரிந்தே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். மாவுக்கு யார் கை என்று தெரியவா போகிறது என்றார்.

தங்கியிருந்தது அக்கா வீட்டில். தண்டனைதான் தீர்ந்துவிட்டதே, இனி உன் பாட்டைப் பார் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெயிண்டருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை என்று கோர்ட்டில் கேட்டது காதை விட்டுப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வீட்டுக் கதவைத் தட்டினான். பெயிண்டரின் மனைவி திறந்தாள். கோர்ட்டில் பார்த்த முகம், உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்லம்மா. ஏதாவது வேலை இருந்தா செய்யலாம்னு..."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கணவனைத் தூக்கித் தூக்கி அவளுக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது. கடைசியில், குளிப்பாட்டத் தூக்கிவிட ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் வா என்றாள்.

போனான். பெயிண்டரைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறை நாற்காலியில் உட்காரவைப்பான். ஒரு காலத்தில் ஏணியே கதியாக இருந்த உடம்பு இப்போது அவன் கையில் துவண்டு கனத்தது. தூக்கும்போதெல்லாம் பெயிண்டர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். டிரைவருக்கோ அந்த நாட்களில் சோறு இறங்கியது. தம்பி முகம் தெளிஞ்சிருக்கு என்று அக்கா சந்தோஷப்பட்டாள்.

மழைக்காலம் முடிகிற நேரம். வழக்கம்போல அவன் குனிந்து கைகளை அடியில் கொடுத்தான். பெயிண்டர் கண்ணைத் திறந்தார்.

"இனிமே வராதப்பா."

அவன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"நீ என்னைத் தூக்கிட்டுப் போறப்போ உன் பாரம் இறங்குது. உன் முகத்துலயே தெரியுது. எனக்கு ஒண்ணும் இறங்கல. உன்னைப் பாத்தா அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல."

அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெயிண்டர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"யார்கிட்டயாவது சொல்லி ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டான்.

"நீ எதுவும் அனுப்ப வேணாம்."

வராதே என்ற அந்த ஒன்றைத்தான் அவர் அவனிடம் கேட்டார். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு என்ன உரிமை? கையை மெல்ல உருவிக்கொண்டான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

கேட்டைச் சாத்தும்போது, திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே நடப்பது தெரிந்தது. அவள் கணவனின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். பாதி எழும்பிய உடம்பு சரிந்து மறுபடி கட்டிலில் விழுந்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு மறுபடியும் குனிந்தாள்.

டிரைவரின் கை கேட்டின் தாழ்ப்பாள் மேலேயே இருந்தது. உள்ளே போகவும் முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை.