கண்ணகி, வயது 46

“வாயைத் திறங்கம்மா” என்று பல் டாக்டர் இரண்டாம் முறை சொன்னபோது கண்ணகி முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சின்னப் பெண். பல்லுக்குப் பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருப்பாள் போல, கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். வெளிச்சப் பெட்டியில் செருகியிருந்த எக்ஸ்ரே படத்தை மறுபடி காட்டினாள். ஒரு காதிலிருந்து மறு காதுவரை முழுத் தாடையும் அதில் இருந்தது. சதையும் தோலும் இல்லாததால் அத்தனை பல்லும் இளித்துக்கொண்டு இருந்தன. இடது பக்கம் கடைசிப் பல்லுக்குக் கீழே, எலும்புக்குள், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு.

“இதோ பாருங்க, இது உங்க தாடை. வெளியிலேர்ந்து பாத்தா பல் நல்லாத்தான் இருக்கும். உள்ள எலும்பு கரைஞ்சுகிட்டே இருக்கும், வலிகூட அவ்வளவா தெரியாது. அதைப் பாக்கத்தான் படம் எடுக்கறது. இப்ப சின்னதா இருக்கு, திறந்து சுரண்டி எடுத்துட்டா போச்சு. விட்டுட்டீங்கன்னா தாடையையே தின்னுடும்” என்றாள் டாக்டர். “வாயைத் திறங்க, ஒரு தடவை உள்ள பாத்துக்கறேன்.”

கண்ணகி எப்படித் திறப்பாள்? படத்தில் அந்தக் கறுப்புக்கு மேலே கல் மாதிரி நிற்கிற கடைவாய்ப் பல் அவள் வாயில் இல்லை. எட்டு வருஷம் முன்னால் இதே ஆஸ்பத்திரியில் பிடுங்கிப் போட்டாயிற்று. வாயைத் திறந்தால் கையும் களவுமாகப் பிடிபடுவாள். “வாந்தி வர்ற மாதிரி இருக்குதுங்க, நாளைக்கு வரேன்” என்று முந்தானைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு, படத்தை உறையோடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். “நாள் கடத்தாதீங்கம்மா” என்று டாக்டர் பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

தாடை அவளுடையது இல்லை, தங்கை பொற்கொடியுடையது. பொற்கொடி பண்ருட்டியில் முந்திரி உடைக்கிற கம்பெனிக்குப் போகிறவள். அவள் புருஷன் அறிவுச்செல்வன் நிலக்கரி மைன்ஸில் பன்னிரண்டு வருஷமாகக் காண்ட்ராக்ட் கூலி. கண்ணகியின் புருஷன் வேணு பர்மனென்ட். பர்மனென்ட்காரர் குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் புக் உண்டு. அதைக் கொண்டுபோனால் மைன்ஸ் ஆஸ்பத்திரியில் பல்லிலிருந்து பிரசவம் வரை பார்த்துக்கொள்வார்கள். அதில் ஒட்டியிருக்கிற கண்ணகியின் போட்டோ இருபது வருஷத்துக்கு முந்தியது. அக்கா தங்கை ஒரே அச்சு. இப்போது அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் கண்ணகியைவிடப் பொற்கொடியைத்தான் சட்டென்று அடையாளம் சொல்வார்கள். அதனால் பொற்கொடிக்கு இருமல் வந்தாலும் இடுப்புவலி வந்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் கண்ணகிதான். முந்தாநாள் பல்வலிக்கும் அப்படித்தான் கண்ணகியாகப் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். மறுபடி லீவு போட முடியாது என்பதால், படத்தை வாங்கிவர அசல் கண்ணகி வந்தாள். அன்று பார்த்த டாக்டர் இன்று விடுப்பு. அதுவும் அவளுடைய நல்ல நேரம்.

இதைத் தப்பு என்று அந்தக் குடும்பத்தில் யாரும் நினைத்ததில்லை. நினைக்கவும் முடியாது. மைன்ஸுக்குப் போன நிலம் அக்கா தங்கை இருவருக்கும் அப்பா வைத்திருந்தது. நிலம் போன குடும்பத்துக்கு ஒரு வேலை என்றபோது மூத்த மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பொற்கொடிக்கு அப்போது பதினாறு வயது, அவளை யாரும் கேட்கவில்லை. அந்த வேலையில் குவார்ட்டர்ஸ் வந்தது, போனஸ் வந்தது, கண்ணகியின் மகன் பெங்களூரில் படித்து அங்கேயே இருக்கிறான். பொற்கொடி பங்குக்கு வந்தது அவ்வப்போது இரவல் கிடைக்கிற அந்த மெடிக்கல் புக் ஒன்றுதான். அதையும் வாங்கிப்போகும்போது ஒரு கிலோ முந்திரியோ ஒரு கூடைப் பலாச்சுளையோ கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வாங்கிப்போவாள்.

வேணு முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கண்ணகி படத்தைக் காட்டினாள். அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கக்கூட இல்லை. மூலையில் அச்சாகியிருந்த பேரைத்தான் பார்த்தான். கண்ணகி, வயது 46. அதற்குக் கீழே அவனுடைய எம்ப்ளாயி நம்பர்.

“ஆபரேஷன்னா அட்மிஷன் போடணும். கைரேகை வைப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க. பழைய சீட்டையெல்லாம் எடுத்துப் பாத்தா உன் பல்லு புடுங்கினது அதுல இருக்கும். எனக்கு இன்னும் பதினாலு மாசம் சர்வீஸ் இருக்குது. கடைசில மெமோ வாங்கிகினு போகச் சொல்றியா?” என்றான்.

“அவகிட்ட சொல்லிட்டா வேற எங்கயாச்சும் பாத்துப்பாங்க இல்லீங்க.”

“சொன்னா எங்கயும் போக மாட்டாங்க. நேரா இங்கதான் வந்து நிப்பாங்க. உங்கப்பன் நெலத்துல வந்த வேலைதானேன்னு அறிவுச்செல்வன் அன்னிக்கு வாயத் தொறப்பான்.” குழம்பை ஊற்றிப் பிசைந்தான். “படத்துல ஒண்ணுமில்லன்னு சொல்லிடு. வலி இருந்தா தானா வேற டாக்டர்கிட்ட போவப் போறா.”

தங்கையைத் தூக்கி வளர்த்தவள் கண்ணகி என்பது உண்மை. ஆனால் அவன் சொன்னது தவறு என்று அவளுக்குத் தோன்றவில்லை என்பதும் உண்மை. பதினாலு மாசம் என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கட்டி வைத்த புது வீட்டுக்குப் போவது, மகனுக்குப் பெண் பார்ப்பது எல்லாம் அந்தப் பதினாலு மாசத்துக்கு அந்தப் பக்கம் இருந்தன. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள்.

“ஒண்ணும் இல்லியாம் பொற்கொடி. சுத்தமா இருக்குதாம்.”

“நெசமாவாக்கா? நா பயந்தே பூட்டேன். கேன்சரு கீன்சருன்னு எதுனா சொல்லிடுவாங்களோன்னு ரெண்டு நாளா சோறே எறங்கல.” பொற்கொடி போனிலேயே அழுதாள், சந்தோஷத்தில். “உன்ன விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுப் பலா ஒன்றோடு வந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அவளே உரித்தாள். சுளைகளை வலது பக்கமாகவே ஒதுக்கி மென்றாள். கேட்டதற்கு, பழக்கமாகிவிட்டது என்றாள். கண்ணகி ஒரு வாரம் அதை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நினைக்கவில்லை. மனசு எதற்கும் பழகிவிடும், அதிலும் அடுத்தவர் வலி என்றால் ரொம்ப சீக்கிரம் பழகிவிடும்.

படத்தை மட்டும் அவளால் தூக்கிப்போட முடியவில்லை. குப்பையில் போட்டால் யார் கண்ணிலாவது படும். கிழித்துப் போடலாம் என்றால் தன் பேர் போட்ட எலும்பைக் கிழிக்கக் கை வரவில்லை. பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

பதினோரு மாசம் போயிற்று. அதற்குள் பொற்கொடி எத்தனை கிராம்பு கடித்தாளோ, எத்தனை மாத்திரை விழுங்கினாளோ, கணக்கில்லை. படம் சுத்தமாக இருக்கிறபோது டாக்டரிடம் போக என்ன இருக்கிறது என்பது அவள் நியாயம். “எக்ஸ்ரேலயே ஒண்ணுமில்ல, வெறும் சூடுதான்” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள். முந்திரி உடைக்கிற இடத்தில் பக்கத்தில் உட்காருகிற வீராயிதான், “உன் மொகம் ஒரு பக்கம் இறங்கினு வருதுடி” என்று முதலில் சொன்னாள். ஒரு நாள் முறுக்கைக் கடித்தபோது தாடைக்குள் ஏதோ நொறுங்கிற்று. அதன் பிறகு வாய் மூடவில்லை.

அறிவுச்செல்வன் அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனான். துணைக்குக் கண்ணகியும் போனாள். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. அங்கே பெரிய டாக்டர் புதுப் படம் எடுத்துப் பார்த்தார். கறுப்பு இப்போது எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்து, தாடையின் ஓரத்தைக் கடந்திருந்தது. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ரெண்டும் கெட்டானாக முடிவு வந்திருந்தது.

“இது ரெண்டு விதமா இருக்கலாம்” என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். “மெதுவா வளர்ற கட்டின்னா சுரண்டி எடுத்துட்டு எலும்பைக் காப்பாத்தப் பாக்கலாம். வேகமா வளர்றதுன்னா அந்தப் பக்கத் தாடையையே எடுத்துடணும், விட்டா உயிருக்கே ஆபத்து. இதுக்கு முன்னாடி எப்பவாவது எக்ஸ்ரே எடுத்தீங்களா? அது கிடைச்சா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்து எந்த மாதிரின்னு சொல்லிடுவேன்.”

பொற்கொடி வாயைத் துணியால் தாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். “போன வருசம் எடுத்தங்க. அக்காதான் வாங்கியாந்துச்சு. சுத்தமா இருந்துதுங்க.”

டாக்டர் கண்ணகி பக்கம் திரும்பினார். “நீங்க பாத்தீங்களா? டாக்டர் என்ன சொன்னாங்க? நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. அப்பவே சின்னதா எதாவது இருந்துதுன்னா இது மெதுவா வளர்றது. ஒண்ணுமே இல்லாம இருந்துதுன்னா, ஒரே வருஷத்துல இவ்வளவு வந்திருக்குன்னா, நான் வேற மாதிரி முடிவெடுக்கணும்.”

அறிவுச்செல்வன், அத்தனை வருஷத்தில் அண்ணி என்று தவிர ஒரு வார்த்தை அதிகம் பேசாதவன், கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்தான். புளியங்கொட்டை அளவு இருந்தது என்று சொன்னால் போதும். மூன்று சொல். சொன்னால் தங்கைக்குத் தாடை. சொன்னால் அடுத்த கேள்வி, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்பது. அதற்குக் கண்ணகியிடம் வேணுவின் மூன்று மாசச் சர்வீஸ் பாக்கிதான் இருந்தது.

“ஒண்ணும் இல்லைங்க. சுத்தமா இருந்துச்சு” என்றாள்.

“அந்தப் படம் இருக்கா?”

“குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கறப்போ பழைய சாமானோட போயிடுச்சுங்க.”

“இன்னொரு தடவை தேடிப் பாருங்க. வியாழக்கிழமைக்குள்ள கிடைச்சா கொண்டாங்க” என்றார் டாக்டர். அவர் வாய்ச்சொல்லை நம்பாத மனிதர், ஆனால் கையில் வேறு எதுவும் இல்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கண்ணகி பீரோவைத் திறந்து திறந்து மூடினாள். புதன்கிழமை மத்தியானம் படத்தை எடுத்துப் பையில்கூட வைத்தாள். செருப்புப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோ நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. உள்ளே வந்து படத்தைப் பழைய இடத்தில் வைத்து, மேலே புடவைகளைச் சீராக அடுக்கினாள். கோயிலுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு சோறும் வடித்தாள்.

வியாழக்கிழமை பொற்கொடியின் இடது தாடையை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை முழுசாகப் பரிசோதித்ததில் அது மெதுவாக வளர்கிற சாதிதான் என்று பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. “கேன்சர் இல்லியாம் அண்ணி” என்று அறிவுச்செல்வன் கண் கலங்கக் கும்பிட்டான். கண்ணகி தலையாட்டினாள்.

உடம்பு தேறும்வரை தன் குவார்ட்டர்ஸிலேயே இருக்கட்டும் என்று கண்ணகிதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரும், ஃபேன் நிற்காது. மூன்று வாரமாகக் கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். பாதி உள்ளே போகும், பாதி வழியும். வழிகிறதைத் துடைத்துத் துடைத்து ஊட்டுவாள். பார்த்த பிளாக்கு சனமெல்லாம் கூடப்பிறந்தவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டது. பொற்கொடிக்குப் பேச்சு வராது. ஊட்டி முடித்ததும் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த நேரத்தில் கண்ணகி வேறு பக்கம் பார்ப்பாள்.

அன்று மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு அறைக்குள் வந்தபோது பொற்கொடி கட்டிலில் இல்லை. எச்சில் பட்ட விரிப்பை மாற்ற பீரோவைத் திறந்திருக்கிறாள் பாவம். புடவைகள் ஒரு பக்கம் சரிந்து கிடந்தன. ஜன்னலோரம் நின்று படத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் அவளுடைய முழுத் தாடையும் ஒரு பல் குறையாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

காலடி கேட்டுத் திரும்பினாள். கட்டுக்குக் கீழே அவள் முகத்தின் இடது பக்கம் குழி விழுந்து தொங்கியது. அழவில்லை. கறுப்பு இருந்த இடத்தில் நகத்தை வைத்தாள். அங்கிருந்து நகத்தைத் தேதிக்கு நகர்த்தினாள். தேதியிலிருந்து பேருக்கு நகர்த்தி, அங்கேயே நிறுத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

“பொற்கொடி” என்றாள் கண்ணகி.

பொற்கொடி படத்தை உறைக்குள் போட்டு, புடவைக்குக் கீழே இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு அக்காவின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவளைத் தோளில் அழுத்திக் கட்டிலில் உட்காரவைத்தாள். ஒரு கரண்டி கஞ்சி எடுத்தாள். ஆற்றுவதற்காக ஊதினாள். தாடை இல்லாத பக்கமாகக் காற்று வழிந்து போயிற்று. மறுபடி ஊதினாள். ஆறிற்றா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கரண்டியைக் கண்ணகியின் உதட்டருகே கொண்டுபோய் வைத்தாள்.

கண்ணகி வாயைத் திறக்கவில்லை. கரண்டியும் நகரவில்லை. அதன் நுனியிலிருந்து கஞ்சி சொட்டுச் சொட்டாக அவள் முந்தானையில் விழுந்துகொண்டிருந்தது.